சுறாத் தோலில் இருப்பது மண் அல்ல

காலிமுகத்திடலில் நின்றபடியே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடற்காற்றில் அது உருகி வழியத் தொடங்க, அவசரப்பட்டு முன்பல்லால் ஒரு கடி கடித்தேன். பல் கூசிக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கூட வந்த அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள். மாமாவைப் பார்த்து ஆசைதீரச் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "நகம் வெட்டேக்க நோகேல்ல, தலைமயிர் வெட்டேக்க நோகேல்ல. கல்லு மாதிரி இருக்கிற பல்லு மட்டும் ஏன் மாமா கூசுது?"

எப்படிக் கூசுகிறது என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். பல்லின் மேற்பூச்சு எனாமல். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. அதற்குள் உயிருள்ள கலம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்குக் கீழே டென்டீன். டென்டீன் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள், பல்லின் நடுவிலுள்ள கூழை நோக்கி ஆயிரமாயிரமாக ஓடுகின்றன. குழாய்க்குள் திரவம் நிற்கிறது. உள்முனையில் டென்டீனைச் சுரக்கும் கலங்களும், அவற்றை ஒட்டி நரம்பு நுனிகளும் இருக்கின்றன. எனாமல் தேய்ந்தாலோ முரசு கீழிறங்கினாலோ குளிர் நேரே டென்டீனில் பட்டு உள்ளே நரம்பு துள்ளும். என் வயதுக்கு முரசு இறங்கத் தொடங்கிவிட்டது. வேறொன்றுமில்லை.

அவள் கேட்டதோ 'ஏன்'. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நரம்பு வைத்து யாரும் செய்வதில்லை. உணர்வில்லாமலே அவை நன்றாக அரைக்கின்றன. மெல்லுகிற கருவிக்கு இத்தனை நுட்பமான உணர்வு எதற்கு? அதற்குப் பதில் வாய்க்குள் கிடைக்காது. ஏறத்தாழ 46 கோடி ஆண்டு பின்னால், வாயில் பல்லே இல்லாத மீன்களிடம் போகவேண்டும். எனக்கு அந்த வழி தொடங்குவது வெள்ளவத்தையில், அம்மாவின் குசினியில்.

ஞாயிறு என்றால் அங்கே அநேகமாகச் சுறா வறை. சுறாத் துண்டை முதலில் வெந்நீரில் அவித்து, தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சதையை உதிர்ப்பார்கள். சுரண்டும்போது கையில் நறநறவென்று ஒன்று படும். "மண் போகக் கழுவு" என்பார் அம்மா. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது மண்தான். சுறா கடலடியில் புரண்டு ஒட்டிக்கொண்டது என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். பச்சைச் சுறாவின் தோலைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் அரத்தில் கை வைத்ததுபோல் இருக்கும். உப்புத்தாள் இல்லாத காலத்தில் தச்சர்கள் மரத்தை இழைக்கச் சுறாத் தோலைத்தான் எடுத்தார்கள். ஒட்டிய மண் இப்படி ஒரே திசையில் படுத்திருக்காது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பின்னோக்கி வளைந்த குட்டிக் கொக்கி. வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நடுவில் கூழ், சுற்றி டென்டீன், மேலே எனாமலைப் போன்ற பளபளப்பான ஒரு படை. அதாவது பல். சுறா உடம்பு முழுக்கப் பல்லைப் போர்த்திக்கொண்டு நீந்துகிறது. வாய்க்குள் இருப்பவை பெரியவை, தோலில் இருப்பவை சிறியவை. கட்டுமானம் ஒன்றே.

பல் முதலில் தோலில் இருந்து பிறகு வாய்க்குள் போனதா, வாய்க்குள் தனியாகவே தோன்றியதா என்று அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடுகிறார்கள். எனக்கு முதல் கட்சியே நியாயமாகப் படுகிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பரிணாமம் என்று தமிழ்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை நம் பாடநூல் கூர்ப்பு என்கிறது. எந்தச் சொல்லைப் பிடித்தாலும், "சுறா மாறி மனிதன் ஆனது" என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தையில் கிடக்கும் சுறாவும் பாரையும் நமக்குப் பாட்டன் பூட்டன் முறை இல்லை. ஒரே பூட்டனுக்குப் பிறந்த வேறு கிளைகள். நம்மைப் போலவே அவையும் அத்தனை கோடி ஆண்டும் மாறிக்கொண்டே வந்தவை. கோயில் பிரசங்கத்தில் மச்சாவதாரத்தையும் டார்வினையும் ஒரே முடிச்சில் கட்டுகிறவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்காது.

இனி அந்தப் பூட்டன் பக்கம் போவோம். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செங்ஜியாங் என்ற இடத்துப் பாறைகளில் சுமார் 52 கோடி ஆண்டுக்கு முந்திய உயிர்ச்சுவடுகள் கிடைக்கின்றன. அவற்றில் ஹைகோயிக்திஸ் என்று ஒன்று. நெத்தலியைவிடச் சிறியது. தலை உண்டு, கண் உண்டு, பூ உண்டு. (மீன்காரர் "பூவைப் பாருங்கோ, நல்ல சிவப்பு" என்று விரித்துக் காட்டுவாரே, அந்தப் பூதான், இந்தியாவில் செவுள் என்பார்கள்.) எலும்பு மட்டும் இல்லை. ஒரு முள்கூட இல்லாமல் முழுதாக விழுங்கக்கூடிய மீன்.

எலும்பில்லாத உடம்பு நீந்தும்போது துவண்டுபோகாமல் இருக்க ஒன்று வேண்டும். முதுகு நீளத்துக்கு ஓடிய முதுகுநாண் என்ற விறைப்பான, வளையக்கூடிய தண்டு அந்த வேலையைப் பார்த்தது. முள்ளந்தண்டு பின்னால் அதைச் சுற்றித்தான் உருவானது. கருவில் நமக்கும் முதுகுநாண் தோன்றி மறைகிறது, ஆனால் முழுதாக அல்ல. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று வைத்தியர் சொல்கிறாரே, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள அந்தத் தட்டின் நடுவில் இருக்கும் மென்கூழ் முதுகுநாணின் மிச்சத்திலிருந்து வந்தது.

எலும்பு அப்படியானால் எங்கே முதலில் தோன்றியது? பாடநூலில் வன்கூட்டின் தொழில்கள் என்று பட்டியல் வரும்: உடலைத் தாங்குதல், அசைவுக்கு உதவுதல், உள்ளுறுப்புகளைப் பாதுகாத்தல். இன்றைய உடம்புக்கு அது சரி. வரலாற்றை அதே வரிசையில் படித்தால் தலைகீழாகப் போய்விடும். எலும்பு முதலில் உள்ளே தாங்கவில்லை. தோலில், வெளியே தோன்றியது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஹார்டிங் மணற்கல் என்று ஒரு பாறைப் படை இருக்கிறது. சார்ள்ஸ் வால்கொட் என்ற புவியியலாளர் அங்கிருந்து கிடைத்த மீன் துணுக்குகளைப் பற்றி 1892இல் எழுதினார். அஸ்ட்ராஸ்பிஸ், எரிப்டிகியஸ் என்பன அந்த மீன்களின் பெயர்கள். வயது சுமார் 45 கோடி ஆண்டு. பொலிவியாவில் சக்கபம்பாஸ்பிஸ், ஆஸ்திரேலியாவின் நடுவில் அரண்டாஸ்பிஸ் என்று இன்னும் இரண்டு. இவை எவற்றுக்கும் தாடை இல்லை. வாய் வெறும் திறப்பு. சேற்றையும் நுண்ணுயிர்களையும் உள்ளே இழுத்திருக்கலாம். உள்ளே கசியிழையம், காது மடலைத் தொட்டால் வளைகிறதே, அந்த வகைப் பொருள். வெளியிலோ தலையை மூடிய எலும்புத் தகடுகளும் உடம்பை மூடிய செதில்களும். அஸ்ட்ராஸ்பிஸ், எரிப்டிகியஸ் தகடுகளின் மேற்புறத்தில் சிறு சிறு மேடுகள் நெருங்கியிருக்கும். மேட்டை வெட்டினால் உள்ளே டென்டீன், அதே குழாய்களோடு. வாயில் ஒரு பல்லும் இல்லாத மீனின் முதுகில் பல்லின் பொருள் இருந்தது. முதல் கட்சிக்கு என் வாக்கு போவது இதனால்தான்.

இலங்கையில் இந்த மீன்களைத் தேடிப் பயனில்லை. நம் பாறைகளில் பெரும்பகுதி இதைவிடப் பழையது. அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிப்போனது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மிகவும் இளையது. இடைப்பட்ட அந்தக் கடல்களின் சுவடு நம் மண்ணில் இல்லை. உயிரோடு இருக்கும் சாட்சிகளுக்குக் குறைவில்லை. விடிவதற்குள் பேலியகொடைச் சந்தைக்குப் போனால் போதும்.

அந்தக் கவசம் எதற்கு? கடல்தேள் போன்ற வேட்டை விலங்குகளிடமிருந்து தப்ப என்பது ஒரு விளக்கம். உடம்புக்கு வேண்டிய பொசுபேற்றையும் கல்சியத்தையும் சேமித்து வைக்க என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் வெறும் கவசத்துக்கும் சேமிப்புக் கிடங்குக்கும் நுண்குழாய்கள் எதற்கு என்ற கேள்வி அப்படியே நின்றது. 2025இல் அதற்கு ஒரு பதில் வந்தது. அது வந்த விதம் துப்பறியும் கதைபோல இருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆர்க்டிக் கடலிலுள்ள ஸ்பிட்ஸ்பேர்கன் தீவிலிருந்து கிடைத்த சில நுண்ணிய துணுக்குகளுக்கு 1976இல் அனட்டோலெப்பிஸ் என்று பெயர் வைத்தார்கள். மீன் கவசம் என்பது அவர்கள் எண்ணம். பிறகு இதேபோன்ற துணுக்குகள் அமெரிக்காவில் கேம்பிரியன் காலத்துப் பாறைகளிலும் கிடைத்தன. அதாவது கொலராடோ மீன்களைவிடப் பல கோடி ஆண்டு பழையவை. இது மீனா இல்லையா என்று சண்டை. 1996இல் நேச்சர் ஆய்விதழில் வந்த கட்டுரை, மேடுகளுக்குள் டென்டீன் குழாய்கள் தெரிகின்றன, ஆகவே இது மீன்தான் என்றது. அதற்குப் பிறகு 'மிகப் பழைய எலும்புள்ள மீன்' என்ற நாற்காலியில் அனட்டோலெப்பிஸ் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நீல் சூபினின் ஆய்வுக்குழுவில் இருந்த யாரா ஹரிடி, அந்தத் துணுக்குகளையும் வேறு பல பழைய துணுக்குகளையும் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் போனார். இலத்திரன்களை வட்டப் பாதையில் ஏறத்தாழ ஒளி வேகத்தில் ஓடவிட்டு, அவை உமிழும் மிகக் கூர்மையான எக்ஸ்கதிரால் படம் பிடிக்கும் இடம் அது. துணுக்கை உடைக்காமலே உள்ளேயிருக்கும் ஒவ்வொரு குழாயையும் முப்பரிமாணத்தில் பார்க்கலாம். முதற் பார்வைக்கு அனட்டோலெப்பிஸில் டென்டீன் இருப்பதுபோலவே தெரிந்தது. பழைய, புதிய விலங்குகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது. அந்தக் குழாய்கள் ஒத்துப்போனது மீனோடு இல்லை, நண்டு ஓட்டோடு.

நண்டை உடைத்துச் சாப்பிடுகிற நமக்கு ஓடு என்றால் செத்த பொருள். ஆனால் அந்த ஓட்டை ஊடுருவி நுண்ணிய துளைகள் போகின்றன. ஒவ்வொரு துளையிலும் ஒரு உணர்வுறுப்பு; அதன் வழியாகத்தான் நண்டு தன் கெட்டிச் சட்டைக்கு வெளியே தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதை அறிகிறது. அனட்டோலெப்பிஸின் குழாய்களும் அப்படிப்பட்ட உணர்வுறுப்பின் குழாய்களே. அது மீனே இல்லை, நண்டும் தேளும் சேர்ந்த கணுக்காலிகளின் கூட்டத்தில் ஒன்று.

ஆய்வு இதோடு முடிந்திருந்தால் ஒரு திருத்தம் என்ற அளவில் போயிருக்கும். சுவையான பகுதி அடுத்தது. தேர்ந்த கண்கள் இருபது முப்பது வருடமாக ஏமாறும் அளவுக்கு ஒரு கணுக்காலியின் உணர்வுறுப்பும் எரிப்டிகியஸின் டென்டீனும் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன? இரண்டும் ஒரே சிக்கலுக்கு விடை என்பதுதான் அவர்களின் வாதம். கவசம் போட்டவனுக்குக் காப்பு உண்டு. ஆனால் தொடுவது தெரியாது, குளிர்வது தெரியாது. ஆகவே கவசமே உணரவேண்டும். மேலும் இன்றைய சுறா, திருக்கை, கவசக் கெளுத்தி ஆகியவற்றின் தோற்பற்களைச் சாயமிட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு நரம்பு போகிறது. கவசக் கெளுத்தி என்றதும் தூரத்துப் பிராணி என்று நினைக்கவேண்டாம். கொழும்பில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிற வீடுகளில் பாசி தின்ன ஒன்று விடுவார்களே, 'டேங்க் கிளீனர்', அதன் குடும்பம்தான். தொட்டியிலிருந்து தப்பி ஆற்றுக்கும் குளத்துக்கும் போய், மீனவர் வலையில் சிக்கித் தொல்லை தருவதும் அதுவே. அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொரசொரப்புத் தெரியும். நாம் தொட்டது அதற்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே மருமகளுக்கு நான் சொன்ன பதில்: பல் மெல்லத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே டென்டீன் உணரத் தொடங்கிவிட்டது. கடலின் குளிரையும் அசைவையும் உணர்ந்த தோலின் துண்டு ஒன்று வாய்க்குள் குடியேறியது. மெல்லும் வேலை புதிது, கூச்சம் பழையது.

வெளியே இருந்த அந்த எலும்புக் கவசத்தில் வாய்க்குள் வந்தது பல் மட்டும். மற்றதெல்லாம் எங்கே? தலையில் கை வைத்துப் பாருங்கள். நம் எலும்புகள் இரண்டு வழியில் உருவாகின்றன. தொடையெலும்பு, கையெலும்பு, முள்ளெலும்பு எல்லாம் கருவில் முதலில் கசியிழையமாக வார்க்கப்பட்டு, பிறகு எலும்பாக மாறுபவை. மண்டையோட்டின் மேற்கூரையும் தோள்பட்டைக்கு முன்னாலுள்ள காறையெலும்பின் பெரும்பகுதியும் கசியிழைய அச்சு இல்லாமலே, தோலுக்கு அடியிலுள்ள மென்படையில் நேரடியாக எலும்பாகின்றன. பழைய தகடுகள் உருவான வழி அதுவே. பச்சைக் குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைக்கும்போது விரலுக்குக் கீழே மெத்தென்று துடிக்கிறதே, அது தகடுகள் இன்னும் ஒன்றோடொன்று சேராத இடைவெளி. நம் நெற்றி, மீன் கவசத்தின் மரபில் வந்தது.

சுறாவைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சுறாவுக்குள் எலும்பு இல்லை, கசியிழையம்தான். அதனால் அது பழைய நிலையில் அப்படியே நின்றுவிட்ட மீன் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். மொங்கோலியாவில் கிடைத்து 2020இல் விவரிக்கப்பட்ட மின்ஜினியா என்ற மீனுக்கு வயது சுமார் 41 கோடி ஆண்டு. சுறாக் கிளையும் நம் கிளையும் பிரிவதற்கு முன்னமே கிளைத்த கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் மண்டையின் உட்பகுதியில் உண்மையான எலும்பு இருக்கிறது. ஆகவே சுறாவின் முன்னோருக்கு எலும்பு இருந்து, பிறகு அதைக் கைவிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி ஒரு மீன் தலையை வெட்டுபலகையில் வைப்போம். பாரையானால் நல்லது, கொடுவாவும் ஆகும். தலையை வெட்ட அம்மா எங்கே கத்தி வைக்கிறார் என்று பாருங்கள். பூமூடிக்குப் பின்னால் வளைந்த ஒரு தடித்த எலும்பு, பக்கச் செட்டை அதில்தான் தொங்குகிறது. அதுதான் மீனின் தோள். தோள் நேரே மண்டையோட்டில் பூட்டியிருக்கிறது; அதனால் மீனுக்குக் கழுத்து இல்லை. பக்கத்தில் பார்க்கவேண்டுமானால் உடம்போடு திரும்பவேண்டும். கனடாவின் வட கோடியில், எல்ஸ்மியர் தீவில், 2004இல் கண்டெடுத்து 2006இல் அறிவித்த டிக்டாலிக் என்ற 37.5 கோடி ஆண்டு மீனில் பூமூடி எலும்புகள் இல்லை, தோளும் மண்டையை விட்டுக் கழன்றிருக்கிறது. தலையைத் தனியாகத் திருப்பிய முதல் மீன்களில் ஒன்று. அதன் செட்டைக்குள் நம் கையின் ஒழுங்கும் இருக்கிறது: ஒரு எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு சிறியவை பல. கை கால் வந்த கதை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதால் அதை இங்கே விடுகிறேன். எனக்குப் பிடித்தது காது வந்த கதை.

பாரையின் பக்கவாட்டில் பூமூடியிலிருந்து வால்வரை ஒரு கோடு போகும். வால் பக்கம் அந்தக் கோட்டின் மேல்தான் சீப்புப்போலக் கூரான தகடுகள் வரிசையாக நிற்கும். கவனமில்லாமல் பிடித்தால் கையைக் கிழிக்கும். அது பக்கக்கோடு. அதன் வழி நெடுக மயிர்க்கலங்கள் என்ற உணர்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கலத்தின் தலையிலும் மயிர்போன்ற நுண்கற்றை. அருகில் தண்ணீர் அசைந்தால் கற்றை சாயும், நரம்புக்குச் செய்தி போகும். ஒரு கூட்டம் மீன் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே சமயத்தில் திரும்புவதில் கண்ணோடு இதற்கும் பங்குண்டு. எலும்பும் உணர்வும் எவ்வளவு ஒட்டியிருந்தன என்பதற்கும் இது சாட்சி: சக்கபம்பாஸ்பிஸின் தலைத் தகடுகளில் பக்கக்கோடு ஓடிய பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. மென்மையான உறுப்பு அழிந்து 45 கோடி ஆண்டாகியும் எலும்பு அதன் தடத்தை வைத்திருக்கிறது.

நம் உட்செவியில் கேட்பதும் சமநிலையை அறிவதும் இதே வகை மயிர்க்கலங்களால்தான். முன்பெல்லாம் பக்கக்கோடு மாறித்தான் காது வந்தது என்று எழுதுவார்கள். அது சரியில்லை. இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள்: கருவின் தலைப் பகுதித் தோலில் தடித்த திட்டுகள் தோன்றும், ஒன்று குழிந்து உட்செவியாகும், வேறு சில பரவிப் பக்கக்கோடு ஆகும். நமக்கு அந்த இரண்டாவது வகைத் திட்டுகள் தோன்றுவதில்லை. காற்றில் பக்கக்கோட்டுக்கு வேலையில்லை. தவளைப் பேத்தைக்கு (தலைப்பிரட்டைக்கு) அது உண்டு. கரையேறும்போது பெரும்பாலான தவளைகள் அதை விட்டுவிடுகின்றன.

தண்ணீரில் கேட்க உட்செவி மட்டுமே போதும், ஏனென்றால் மீனின் சதையும் தண்ணீரும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி; ஒலி நேரே உள்ளே போய்விடும். காற்றில் வரும் ஒலி மெலிந்தது; அதைப் பிடித்துப் பெருக்கி உள்ளே தள்ள ஓர் இடைத்தரகர் வேண்டும். நடுச்செவியின் மூன்று குட்டி எலும்புகள் அந்த வேலையைச் செய்கின்றன: சம்மட்டியுரு, பட்டையுரு, ஏந்தியுரு. மூன்றுமே வேறு உத்தியோகத்தில் இருந்து மாற்றலாகி வந்தவை.

ஏந்தியுரு மீனில் ஒரு தடித்த எலும்பு. தாடையை மண்டையோட்டில் தாங்கிப் பிடித்தது. பூமூடி அடித்துத் தண்ணீரை வெளியேற்றவும் துணைநின்றது. பூமூடி போய், தாடை மண்டையில் வேறுவிதமாகப் பூட்டிக்கொண்டபோது அதன் வேலை குறைந்தது. கிரீன்லாந்தில் எடுத்த அகந்தோஸ்டெகா என்ற நாலுகால் விலங்கில் (கையில் எட்டு விரல் இருந்த பிராணி) அது இன்னும் முரட்டுக் கட்டையாகவே இருப்பதைக் கேம்பிரிட்ஜின் ஜெனி கிளாக் 1989இல் காட்டினார். கால் வந்துவிட்டது, காற்றில் கேட்கும் காது இன்னும் வரவில்லை. எலும்பு மெலிந்து ஒலியைக் கடத்தத் தொடங்க மேலும் பல கோடி ஆண்டு ஆயிற்று.

மற்ற இரண்டும் தாடை மூட்டு. கருக்களை வெட்டிப் பார்த்து 1837இலேயே இதைச் சொன்னவர் கார்ல் ரைக்கெர்ட் என்ற ஜேர்மன் உடற்கூற்றியலாளர். டார்வினின் நூல் வர அப்போது இன்னும் 22 வருடம் இருந்தது. ஊர்வனவற்றில் வாயைத் திறந்து மூடும் மூட்டின் இரண்டு எலும்புகள் முலையூட்டிகளில் காதுக்குள் போய்விட்டன. மூட்டைக் கழற்றி எடுத்தால் வாய் எப்படித் திறக்கும் என்று கேட்கலாம். சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த மோர்கனுகோடொன் என்ற மூஞ்சூறு அளவுப் பிராணியில் பழைய மூட்டும் புதிய மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புதுப் பாலம் கட்டி முடியும்வரை பழைய பாலத்திலும் வாகனம் விடுவதில்லையா, அப்படி. இன்றும் பைவயிற்றுப் பிராணிக் குட்டி பிறக்கும்போது அதன் காதெலும்புகள் தாடையோடு ஒட்டியே இருக்கும்.

நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் போகிறது. கட்டுநாயக்காவில் விமானம் இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறப்பது அதுதான். இதன் மூலத்தைப் பார்க்கச் சந்தையில் ஒரு திருக்கையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தால் போதும். கண்ணுக்குப் பின்னால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கும். மணலில் படுத்திருக்கும்போது அதன் வழியாகத்தான் திருக்கை தண்ணீரை உள்ளிழுக்கும். தாடைக்கு மிக அருகிலிருந்த பூத்துளை சுருங்கி மிஞ்சியது அது. சீனாவில் கிடைத்த ஷுயு என்ற சுமார் 44 கோடி ஆண்டுப் பழைய தாடையற்ற மீனின் மண்டையில் அந்த இடத்தில் பூவின் இழைத் தடங்களே இருந்ததை 2022இல் அறிவித்தார்கள். மூச்சு விட்ட பூ, பிறகு ஓட்டை, பிறகு காதுக்குழாய்.

சென்ற வருடம் பெரியம்மாவுக்குப் படுக்கையில் திரும்பினாலே தலை சுற்றியது. வைத்தியர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் தொங்கவிட்டு, மெல்ல மறுபக்கம் திருப்பி, எழுப்பி உட்காரவைத்தார். மருந்தில்லை. "காதுக்குள்ள கல்லு இடம் மாறியிட்டுது அம்மா" என்றாராம். பெரியம்மா வீட்டுக்கு வந்து, இந்த வைத்தியருக்குப் பகிடி கூடிப்போச்சு என்றார்.

பகிடி இல்லை. உட்செவியில் மயிர்க்கலங்களின் மேல் ஒரு பசைப் படலம், அதன்மேல் கல்சியம் காபனேற்றுத் துகள்கள். தலை சாய்ந்தால் துகள்கள் சரியும், மயிர் வளையும், எந்தப் பக்கம் கீழ் என்று மூளை அறியும். துகள்கள் கழன்று பக்கத்திலுள்ள அரைவட்டக் கால்வாய்க்குள் போய்விட்டால், சுழலாத தலை சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகும். அந்தக் கால்வாய்கள் நமக்கு மூன்று. தாடையுள்ள எல்லா முள்ளந்தண்டு விலங்குகளுக்கும் மூன்று. லாம்பிரே என்ற, விலாங்கு போன்ற தாடையற்ற மீனுக்கு இரண்டு. மீனில் துகளுக்குப் பதில் திடமான கல்லே இருக்கிறது. அதைக் குறுக்காக வெட்டினால் மரத்தைப்போல வருட வளையங்கள் தெரியும். மீன்வள ஆய்வாளர்கள் மீனின் வயதை எண்ணுவது அதில்தான்.

அடுத்த ஞாயிறு கொடுவாத் தலைக் குழம்பு. மூளைக்குக் கீழே கிளறி இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்துக் கழுவிப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "என்ர கல்லும் இவ்வளவு பெருசோ?" என்றார். இல்லை, கண்ணுக்கே தெரியாத தூள் என்றேன். "அந்தத் தூளுக்கோ நான் மூன்று நாள் எழும்பேலாமக் கிடந்தனான்" என்று கற்களைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.